ஐஎஃப்சி-யில் உத்திர எடை பூஜ்யம்: பதில்

ரெவிட்டில் (கட்டட மாடல் வரையும் மென்பொருள்) சரியாகத் தெரியும் எஃகு உத்திர நீளமும் எடையும், மாடலை ஐஎஃப்சி-யாக (மென்பொருள்களுக்கிடையே மாடலைப் பகிரும் பொதுக் கோப்பு வடிவம்) எடுத்து மெட்டீரியல் பாஸ்போர்ட்டில் (கட்டடப் பொருள்களின் விவரப் பதிவு) ஏற்றினால் ஏன் பூஜ்யமாகிறது என்பதுதான் கேள்வி. ரெவிட்டின் ஐஎஃப்சி எக்ஸ்போர்ட் அமைப்பில் ‘பேஸ் குவான்டிட்டீஸ்’ (நீளம், எடை போன்ற அடிப்படை அளவுகள்) பெட்டியை டிக் செய்து மறுபடி எடுங்கள். பெரும்பாலும் அந்த டிக் இல்லாததுதான் காரணம்.

ஐஎஃப்சி வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்து, ‘ஐஎஃப்சிஎலிமென்ட்குவான்டிட்டி’ என்பதை ஆங்கில எழுத்தில், இடைவெளியில்லாமல் தேடுங்கள். ஒரு வரிகூட இல்லையா? பாஸ்போர்ட் மென்பொருள்மேல் பழியில்லை. வரி இருந்தும் பூஜ்யமென்றால் பாஸ்போர்ட் மென்பொருளில் மேப்பிங்கை (கோப்பின் எந்த அளவு எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்ற பொருத்தத்தை) பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: எடை வந்ததும் உத்திரம் மறுபயன்பாட்டுக்குத் தயார் என்று பட்டியலில் போட்டுவிடாதீர்கள். மாடலில் இருப்பது வரைந்த கணக்கு. இணைப்பு போல்ட்டா வெல்டா என்று நேரில் பார்க்க வேண்டும். வெல்டென்றால் முனையை வெட்டித்தான் கழற்ற முடியும், அந்த அளவுக்கு நீளம் போச்சு. எஃகின் கிரேடுக்கு (வலிமைத் தரம்) மில் சான்றிதழ் (தயாரித்த ஆலை தரும் சான்று) கிடைக்காவிட்டால் மாதிரி எடுத்துச் சோதிக்கணும்.