இரண்டு கையொப்பங்கள்

வாசகர் கடிதம்

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நான் கொழும்பு மட்டக்குளியில் வசிக்கிறேன். எங்கள் பங்கில் அருட்சகோதரிகளின் மடம் ஒன்று இருக்கிறது. காலையில் முன்பள்ளி, பின்னேரத்தில் தையல் வகுப்பு. அங்கே பழகிய தையலில்தான் இன்று என் வீட்டு அடுப்பு எரிகிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிவில் மற்ற அறிவித்தல்களோடு சேர்த்து, சகோதரிகள் டிசம்பரோடு மடத்தை மூடிவிட்டுப் போகிறார்கள் என்று வாசித்தார்கள். பங்குச் சுவாமியிடம் கேட்டோம். அது சகோதரிகளின் துறவறச் சபை எடுத்த முடிவு என்றார். மடத்துத் தலைவியான மதரிடம் கேட்டோம், சபையின் மாகாணத் தலைமை எடுத்த முடிவு, ஆயருக்கும் தெரியும் என்றார். மேலிடத்தில் கேட்கலாம் என்றால் எது மேலிடம் என்றே தெரியவில்லை. பேராயர் ஒரு வார்த்தை சொன்னால் சகோதரிகள் நிற்கமாட்டார்களா? என் அம்மா தன் காப்பை அடகு வைத்து அந்த வகுப்புக்கு ஒரு தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். அது இனி யாருடையது?

ஒரு வாசகி

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

பேராயர் சொன்னாலும் நிற்கவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. இதைக் கேட்க உங்களுக்குக் கசப்பாக இருக்கும். ஆனாலும் இதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும்.

ஒரு துறவறச் சகோதரி கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுப்பது தன் சபையின் தலைவிக்கு. அவர் எந்த மடத்தில் இருப்பார், எப்போது மாற்றம் பெறுவார், எத்தனை பேர் சேர்ந்து வாழ்வார்கள் என்பதெல்லாம் சபையின் உள் விடயங்கள். 1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 586ஆம் சட்டத்தில், அந்தத் தன்னாட்சியைக் காப்பாற்றும் பொறுப்பை ஆயர்களுக்கே கொடுக்கிறது. ஆனால் அதே சகோதரி மடத்தின் படலையைத் திறந்து முன்பள்ளிக்குள் காலடி வைத்ததும் நிலைமை மாறுகிறது. ஆன்ம பராமரிப்பு, பொது வழிபாடு, மறைப்பணிகள் ஆகியவற்றில் துறவிகள் ஆயரின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள் என்கிறது 678ஆம் சட்டம். அடுத்த வரியிலேயே, அந்தப் பணியிலும் அவர்கள் தங்கள் தலைவர்களுக்கும் கீழ்ப்பட்டவர்கள் என்கிறது. மூன்றாவது வரி, ஆயரும் தலைவர்களும் ஒருவரோடு ஒருவர் கலந்து பேசியே இவற்றை நடத்தவேண்டும் என்கிறது. சுவாமி சொன்னதும் மதர் சொன்னதும் பொய்யல்ல. ஆளுக்கொரு பாதியைச் சொல்லியிருக்கிறார்கள்.

கொழும்புக் கத்தோலிக்கருக்கு இந்த இரட்டை அதிகாரம் பிடிபடாமல் இருப்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். 1883இல் கொழும்பு, சில்வெஸ்திரியன் துறவிகளிடமிருந்து அமலமரித் தியாகிகள் சபையின் பொறுப்புக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆயராக இருந்த கிறிஸ்தோப் பொன்ஜான் இங்கே மாற்றப்பட்டார். அவருக்குப் பின் மெலிசான், கூடெர், மார்க், மசோன், கர்தினால் தோமஸ் குரே. 1976 வரை ஆறு பேரும் அமலமரித் தியாகிகள். பங்குகளில் பெரும்பகுதியை நடத்தியதும் நீண்டகாலம் அதே சபை. ஆயர் எங்கே முடிகிறார், சபை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை நம் பாட்டன்மாருக்கு வரவில்லை. ஒரு பிரதேசத்தையே ஒரு சபையிடம் ஒப்படைத்த அந்த மிஷன் காலத்து முறையை உரோமை 1969இல் மறைமாவட்டங்களுக்கு முடித்துவைத்தது. அதன் பின்னர் ஒவ்வொரு பணிக்கும் ஆயரும் சபையும் தனித்தனியாக ஒப்பந்தம் எழுதவேண்டியதாயிற்று. முறை மாறியது மேலிடத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். வாங்கில் இருக்கும் நமக்கு யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை.

ஆயருக்கே முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவுஸ்திரேலியாவில் அப்படி நடந்த முயற்சி எத்தனை கண்ணீரில் முடிந்தது என்று பாருங்கள். 1866இல் பெனோலா என்ற சிற்றூரில், ஜூலியன் டெனிசன் வூட்ஸ் என்ற குருவோடு சேர்ந்து மேரி மக்கிலொப் ஒரு சபையைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. எல்லா மறைமாவட்டங்களிலும் உள்ள தம் சகோதரிகள் ஒரே தலைவியின் கீழ் இருக்கவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அடிலெய்ட் ஆயர் ஷீல் 1871இல் அவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கினார். தாம் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னர் அந்தத் தண்டனையை நீக்கினார். பின்னர் பாதேர்ஸ்ட் ஆயர், என் மறைமாவட்டத்துச் சகோதரிகள் என் கையில்தான் இருக்கவேண்டும் என்றார். மக்கிலொப் 1876இல் தம் சகோதரிகளை அங்கிருந்து அழைத்துக்கொண்டார். சிலர் பிரிந்து ஆயரோடு நின்றார்கள். 1880 அளவில் குயின்ஸ்லாந்திலிருந்தும் மக்கிலொப்பின் சகோதரிகள் வெளியேறினார்கள். அந்த ஊர்களில் உங்களைப் போல எத்தனை பேர் கோயில் வாசலில் நின்று, யாரிடம் கேட்பது என்று தவித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் மக்கிலொப் விட்டுக்கொடுத்திருந்தால் அந்தச் சபை மறைமாவட்டத்துக்கொன்றாகத் துண்டாகியிருக்கும்.

1995 ஜனவரி 19ஆம் திகதி சிட்னியில் மக்கிலொப்பை அருளாளராக, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்திய படிக்கு, உயர்த்திய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், இரண்டே நாட்களில் நம் காலிமுகத்திடலில் யோசேப் வாஸ் அடிகளாரை அருளாளராக்கினார். வாஸ் அடிகளாரும் இரண்டு வீட்டுக்குப் பொறுப்புச் சொன்னவர்தான். அவருக்குத் துணையாகக் குருக்களை அனுப்பியது கோவாவின் ஒரட்டோரியன் சபை. இலங்கைக்குக் குருமுதல்வராக, அதாவது தம் பிரதிநிதியாக, அவரை நியமித்தது கொச்சி ஆயர். இரண்டில் ஒன்று கைவிட்டிருந்தாலும் டச்சுக்காரர் காலத்தில் இந்தத் தீவின் கத்தோலிக்கம் என்னவாகியிருக்கும் என்று சொல்லமுடியாது.

சில வருடங்களுக்கு முன்னர், ஒரு மறைமாவட்டத்துக்கும் ஒரு சபைக்கும் இடையிலான ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. எந்த மறைமாவட்டம், எந்தச் சபை என்பது இங்கே வேண்டாம். மூன்று பக்கம். எத்தனை சகோதரிகள் வருவார்கள், அவர்களுக்கு மாதம் எவ்வளவு, மறைக்கல்விக்கு யார் பொறுப்பு, மின்சாரக் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் யார் கட்டுவது, கூரை ஒழுகினால் யார் திருத்துவது. கூரைக்கு மட்டும் நாலு வரி. விலகுவதென்றால் எத்தனை மாதத்துக்கு முன்னர் மற்றத் தரப்புக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்பதும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டு கையொப்பங்கள், இரண்டு முத்திரைகள். ஆயரின் முத்திரை மையில் கொஞ்சம் கலங்கியிருந்தது. பிள்ளைகளின் பெற்றோருக்கு யார் சொல்வது என்பதற்கு அந்த மூன்று பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. அன்று அதை நான் கவனிக்கவே இல்லை. உங்கள் கடிதத்தை வாசித்தபோதுதான் உறைத்தது.

ஆயர் ஒரு பணியைச் சபையிடம் ஒப்படைத்தால், இப்படி ஓர் எழுத்து ஒப்பந்தம் இருந்தே ஆகவேண்டும் என்கிறது 681ஆம் சட்டம். ஆகவே நீங்கள் முதலில் அறியவேண்டியது, உங்கள் முன்பள்ளியும் தையல் வகுப்பும் மறைமாவட்டத்தின் பணியாகச் சகோதரிகளிடம் கொடுக்கப்பட்டதா, சபை தானாகத் தொடங்கியதா என்பது. மறைமாவட்டத்தின் பணி என்றால், சகோதரிகள் போனாலும் அதைத் தொடர்வதா என்று முடிவுசெய்யும் பொறுப்பு ஆயருடையது. வேறொரு சபையை அழைக்கலாம். பங்கே பொறுப்பெடுக்கலாம். உங்களைப் போல அங்கேயே பழகியவர்களிடமும் ஒப்படைக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி அதுதான்.

சபையின் சொந்தப் பணி என்றாலும் ஆயர் வெறும் பார்வையாளர் அல்ல. மறைமாவட்டத்தில் மடம் அமைக்கவே அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அமைத்த நோக்கத்தை விட்டு வேறொரு பணிக்கு அந்த மடத்தைத் திருப்புவதென்றாலும் அவர் சம்மதிக்கவேண்டும். மூடுவதற்கு மட்டும் அவரைக் கலந்தாலோசித்தால் போதும். முடிவு சபையின் உயர் தலைவியுடையது. காணி உறுதி யார் பெயரில் இருக்கிறதோ, ஆதனம் அவர்களுடையது. அதிலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. மூடப்படும் மடத்தின் சொத்துகளைக் கையாளும்போது, அவற்றைக் கொடுத்தவர்களின் விருப்பம் மதிக்கப்படவேண்டும் என்று 616ஆம் சட்டம் சொல்கிறது.

சகோதரிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நவகன்னியராகச் சேரும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், இருப்பவர்களுக்கு வயதாகிறது. முழங்கால் வலியோடு முன்பள்ளிப் படியேறும் மதரை நானும் பார்த்திருக்கிறேன். உங்கள் மடத்திலும் மூடும் முடிவுக்கு நியாயமான காரணம் இருக்கலாம். ஆனால் அதை இரத்ததான முகாமுக்கும் திருமண அறிவித்தலுக்கும் நடுவில் ஒரு வரியாக வாசித்ததை என்னால் ஏற்கமுடியாது. கலந்தாலோசிக்க வேண்டியவர்கள் என்று 678ஆம் சட்டம் குறிப்பிடுவது ஆயரையும் தலைவர்களையும் மட்டுமே என்பது உண்மை. ஆனால் 212ஆம் சட்டம், திருச்சபையின் நலன் பற்றிய தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க இறைமக்களுக்கு உரிமை உண்டு, சில வேளைகளில் அது கடமையும்கூட என்கிறது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல.

ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரே கடிதத்தை ஒரே நாளில் இரண்டு விலாசங்களுக்கு அனுப்புங்கள்: ஒன்று பொரளையிலுள்ள பேராயர் இல்லத்துக்கு, மற்றது சபையின் மாகாணத் தலைவிக்கு. ஒவ்வொரு பிரதியின் அடியிலும் மற்றவருக்கும் அனுப்பியிருப்பதைக் குறிப்பிடுங்கள். அப்போது, அது அவர்களுடைய விடயம் என்று இருவராலும் சொல்லமுடியாது. பங்குச் சுவாமிக்கும் ஒரு பிரதியை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒப்பந்தம் இருக்கிறதா, பணி யாருடையது, டிசம்பருக்குப் பிறகு வகுப்பை யார் நடத்துவார்கள் என்று கேளுங்கள். தனியாகக் கையொப்பமிட வேண்டாம். அங்கே தையல் பழகிய பெண்கள் எத்தனை பேரைத் தேடிப் பிடிக்கமுடியுமோ அத்தனை பேரும் பெயரும் தொழிலும் எழுதிக் கையொப்பமிடட்டும்.

அம்மாவின் இயந்திரத்தைப் பற்றித் தனிப் பந்தியாக எழுதுங்கள். ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்பது 1267ஆம் சட்டம். அவர் அதைக் கொடுத்தது அந்தப் பகுதிப் பெண்கள் தையல் பழகுவதற்கு. பேராயர் இல்லம் ஆனாலும் மாகாண இல்லம் ஆனாலும் அந்த நோக்கத்தைத் தாண்டமுடியாது. வாங்கிய கடையின் பற்றுச்சீட்டோ, அன்றைய மதர் எழுதிக் கொடுத்த நன்றிக் கடிதமோ அம்மாவின் பெட்டியில் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள். கிடைத்தால் அதன் பிரதியை இரண்டு கடிதங்களோடும் இணையுங்கள். மூலப்பிரதியை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.