வீட்டில் ஜெபிக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

கேள்வி: கொங்குப் பக்கம் ஒரு ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் வீட்டு ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஜெபிப்போம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். போன மாதம் சிலர் வாசலில் வந்து நின்று, "இங்கே மதம் மாத்துறாங்க" என்று சத்தம் போட்டு செல்போனில் வீடியோ எடுத்தார்கள். மறுநாள் ஸ்டேஷனிலிருந்து என் கணவருக்கு போன். "கலெக்டர் அனுமதி இல்லாம கூட்டம் போடக் கூடாது. இனிமே நடத்த மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? வீட்டுக்காரரும் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. விசுவாசத்துக்காகக் கஷ்டப்படத் தயார்தான், ஆனால் யாரிடம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

பதில்: சகோதரி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கணவரிடமும் சொல்லிவையுங்கள். "இனிமேல் ஜெபிக்க மாட்டேன்" என்று ஒரு குடிமகனிடம் எழுதி வாங்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே தாளின் ஜெராக்ஸோடு என்னிடம் வந்த குடும்பங்கள் உண்டு. "நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும்போது பதில் சொல்வது கஷ்டம்.

ஆனால் ஒன்றும் எழுதிக் கொடுக்காமல் வெறுங்கையோடு வீடு திரும்பவும் வேண்டாம். உங்கள் கைப்பட, உங்கள் வார்த்தையில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தக் கலெக்டர் அனுமதி விஷயத்தைப் பார்ப்போம். நம் சபைகளில் பாதிப் பேர் தடுமாறுகிற இடம் அதுதான்.

போலீஸார் அதைச் சும்மா சொல்லவில்லை. பொது வழிபாட்டுக்கென்று ஒரு கட்டடம் கட்டினாலோ, இருக்கிற கட்டடத்தை அப்படி மாற்றினாலோ கலெக்டரின் முன் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் உண்டு. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும்கூட அதே விதிதான். ஆனால் அது கட்டடத்துக்கான விதி. குடியிருக்கிற வீட்டில் நாலு பேரோடு உட்கார்ந்து ஜெபிப்பதற்கு இல்லை. வெள்ளிக்கிழமை வீட்டில் திருவிளக்குப் பூஜை வைக்கிற அக்காவிடம் யாரும் கலெக்டர் கடிதம் கேட்பதில்லை. உங்களிடமும் கேட்க முடியாது. அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு தருகிற உரிமை இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான்.

வழக்கு என்று வந்தால் நீதிமன்றத்தில் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: இது வீடா, வீடு என்ற பெயரில் நடக்கிற சர்ச்சா? அங்கே உங்கள் வாசலே சாட்சி சொல்லும். மொட்டை மாடியில் சிலுவை, கேட்டில் பெயர்ப் பலகை, பாஸ்டர் படம் போட்ட பிளெக்ஸ், ஹாலில் அடுக்கி வைத்த ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி, மூலையில் காணிக்கைப் பெட்டி. இதெல்லாம் இருந்தால் "வீட்டு ஜெபம்தான்" என்ற வாதம் நிற்காது. அந்த நிலைக்கு வளர்ந்துவிட்ட சபை முறைப்படி விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்கத்தான் வேண்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் அந்தக் கட்டத்தில் இல்லை. அப்படியே இருங்கள்.

அடுத்தது சத்தம். மனம் நோகக் கூடாது, நானும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்காருகிறவன்தான். ஆனால் என்னிடம் வருகிற இந்த மாதிரிப் புகார்களில் மதத்தால் வந்தவற்றைவிட கீபோர்டால் வந்தவை அதிகம். பன்னிரண்டு பேர் பேசுவதைக் கேட்க மைக் எதற்கு? சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கத்தில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சபை டிரம்ஸ், கிட்டார், ஒலிபெருக்கி எல்லாம் வைத்திருந்தது. 2000-இல் வந்த தீர்ப்பில், அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்து, மேளம் அடித்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிபதிகள் எழுதினார்கள். சபை தோற்றது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பதுதான் அளவு. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடவே கூடாது. ஆகவே ஜெபிக்கிற உரிமைக்காக வாதாடுங்கள். ஸ்பீக்கருக்காக வாதாடப் போனால் இரண்டும் போய்விடும்.

சரி, "மதம் மாத்துறாங்க" என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடைக்கு ஒரு அவசரச் சட்டம் வந்தது. 2004-இல் அதே ஆட்சியே அதைத் திரும்பப் பெற்றது. இன்று இங்கே அப்படிச் சட்டம் இல்லை. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் போன்ற மாநிலங்களில் இருக்கிறது. அங்கே இருக்கிற உறவினரிடம் "எங்க ஊர்ல ஒண்ணும் ஆகலை, நீங்களும் பயப்படாம நடத்துங்க" என்று இந்தப் பதிலை வாட்ஸப்பில் அனுப்பிவிடாதீர்கள்.

சட்டம் இல்லை என்பதால் எதுவும் பேசலாம் என்றும் இல்லை. 25-ஆவது பிரிவில் மதத்தைப் பின்பற்றலாம், பரப்பலாம் என்று இரண்டும் இருக்கின்றன. "பரப்ப" என்ற சொல் அங்கே சும்மா வரவில்லை. 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் அதை நீக்க வேண்டும் என்று சிலர் வாதாடினார்கள். அந்தச் சொல் இருக்கட்டும் என்று பேசியவர்களில் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். சுமார் பதினான்கு வருடம் கிறிஸ்தவப் பள்ளி, கல்லூரிகளில் படித்தும் தன்னை யாரும் மதம் மாற்ற முயலவில்லை என்று அவர் அன்று சொன்னார். ஒரு பிராமணர், எதிர்கால நிதியமைச்சர், நம் பள்ளிக்கூடங்களுக்காகச் சொன்ன சாட்சி அது. அந்தப் பெயரைக் காப்பாற்றுகிறோமா என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: உங்கள் மதத்தின் கருத்துகளை எடுத்துச் சொல்லலாம், இன்னொருவரை மதம் மாற்றுவது உங்கள் அடிப்படை உரிமை ஆகாது என்று. பிடிக்கிறதோ இல்லையோ, இன்றைக்கும் அதுதான் சட்டம்.

நடைமுறையில் இது எங்கே வந்து நிற்கிறது? பக்கத்து வீட்டம்மா கேட்டால் நீங்கள் ஏன் ஜெபிக்கிறீர்கள் என்று சொல்லலாம். கேட்காதவர் வீட்டுக் கதவிடுக்கில் கைப்பிரதி செருகுவதை நான் உங்களுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். அடுத்தவர் சாமியைக் "கல்லு", "பேய்" என்று பேசுவது அடியோடு கூடாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299, 302 ஆகிய பிரிவுகள் அதற்குத்தான் இருக்கின்றன, அவை உங்கள் மேலும் பாயும். சுகத்துக்காக ஜெபித்துவிட்டு "சர்க்கரை மாத்திரையை நிறுத்திடுங்க" என்று யாராவது சொன்னால் அந்த ஆளை உங்கள் ஹாலில் அனுமதிக்காதீர்கள்.

அந்த அம்மாவே, "உங்களுக்கு எவ்வளவு காசு குடுத்தாங்க?" என்றும் ஒரு நாள் கேட்கலாம். கோபப்பட வேண்டாம். "காசு வாங்கலைங்க. எங்க மாமியாருக்கு உடம்பு சரியில்லாதப்ப ஜெபிச்சோம், மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு, அப்படியே பழக்கமாயிடுச்சு" என்கிற மாதிரி உங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் போதும். வசனம் பத்து ஒப்பிக்க வேண்டியதில்லை. விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு உத்தரவு சொல்லுங்கள் என்று பேதுரு எழுதியதை நம் ஆட்கள் பிரசங்கத்தில் கேட்கிறார்கள், தெருவில் மறந்துவிடுகிறார்கள்.

சாந்தமாக இருப்பது வழக்கிலும் உதவும். 1985-இல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைத் தேசிய கீதம் பாடவில்லை என்று பள்ளியிலிருந்து நீக்கினார்கள். மறு வருடம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். அந்தத் தீர்ப்பின் முதுகெலும்பு என்ன தெரியுமா? கீதம் பாடும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள் எழுந்து மரியாதையாக நின்றார்கள். அவமரியாதை செய்தார்கள் என்று யாராலும் காட்ட முடியவில்லை. வாசலில் கூட்டம் வந்த அன்று நீங்கள் எப்படி நின்றீர்கள், என்ன பேசினீர்கள் என்பதும் அதுபோல ஒரு நாள் ஆதாரமாக வரும். அவர்கள் எடுத்த வீடியோ உங்களுக்கே உதவலாம்.

மறுபடி வந்தால் 100 அல்லது 112-க்குக் கூப்பிடுங்கள். வீட்டில் ஒருவர் அமைதியாக வீடியோ எடுக்கட்டும். சட்டப்படி நடக்கிற வழிபாட்டை வேண்டுமென்றே கலைப்பது அதே நியாய சன்ஹிதாவின் 300-ஆவது பிரிவின்படி குற்றம், ஒரு வருடம் வரை சிறை உண்டு. வீட்டுக்குள் நுழைந்தால் அத்துமீறல் தனி. புகாரை எழுத்தில் கொடுத்து, புகார் வந்தது என்பதற்கு ஸ்டேஷனில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபால். மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கும் மனு போடலாம்.

"நூத்தி ஏழு போட்டுருவேன்" என்று ஸ்டேஷனில் மிரட்டுவது வழக்கம். அது பழைய எண். இப்போது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 126. அமைதியைக் குலைக்க மாட்டேன் என்று பிணை கேட்கிற நடவடிக்கை. அதை ஆர்.டி.ஓ. மாதிரி நிர்வாக நடுவர்தான் எடுக்க முடியும். என்ன தகவலின்பேரில் என்று எழுத்தில் சொல்ல வேண்டும், உங்கள் பதிலையும் கேட்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வாயால் சொன்னால் அது உத்தரவு ஆகாது. அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். அங்கும் கையெழுத்துப் போடுமுன் ஒரு வரி விடாமல் படியுங்கள்.

வீட்டுக்காரர் விஷயம். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். "குடியிருப்புக்கு மட்டும்" என்று இருக்கும். வீட்டு ஜெபம் அதை மீறவில்லை. அவர் நினைத்த நாளில் காலி பண்ண வைக்க முடியாது, தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் முடியாது. 2017-ஆம் வருட வாடகைச் சட்டப்படி வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்காமல் இருக்கலாம். அதனால் சட்டம் பேசாமல் நேரில் போய்ப் பேசுங்கள். அவருடைய பயம் பெரும்பாலும் வம்பு வருமே என்பதுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், எதிர்த்தரப்பு தோண்டுகிற முதல் இடம் அது. உங்கள் ஜெபத்துக்கு வருகிறவர்களில் யாராவது ஞானஸ்நானம் எடுத்துவிட்டு, இன்னும் இந்து பட்டியல் சாதிச் சான்றிதழை வைத்துச் சலுகை பெறுகிறார்களா? பட்டியல் சாதியில் யார் யார் சேர்வார்கள் என்று சொல்கிற 1950-ஆம் வருட ஆணைப்படி அது செல்லாது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அரசியல் சாசனத்தின்மீதான மோசடி என்றே சொன்னது. மதம் மாறியதும் சாதிக் கொடுமை போய்விடுவதில்லை, ஆகவே அந்த ஆணை எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் அதை மாற்றப் போராடுவது வேறு, படிவத்தில் ஒன்றும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமாக இருப்பது வேறு. தமிழ்நாட்டில் அப்படி மாறியவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் உண்டு. அதை வாங்கச் சொல்லுங்கள்.

இனி அந்த மனு. பிலிப்பியில் விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் சத்தமில்லாமல் போகச் சொன்னபோது, பவுல் தான் ரோமக் குடிமகன் என்று சொல்லி, அதிகாரிகளே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். உங்கள் மனுவும் அந்தத் தொனியில் இருக்கட்டும், திட்டாமல், கெஞ்சாமல். இப்படி எழுதலாம்:

"ஐயா, நான் மேற்படி முகவரியில் குடும்பத்தோடு வாடகைக்குக் குடியிருக்கிறேன். வியாழக்கிழமைகளில் மாலை 7 முதல் 8 வரை உறவினர், நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் வீட்டுக்குள் ஜெபிக்கிறோம். ஒலிபெருக்கி வைப்பதில்லை. வீட்டை வழிபாட்டுத் தலமாக மாற்றவில்லை. யாரையும் ஆசை காட்டியோ மிரட்டியோ அழைப்பதில்லை. தெருவில் வண்டி நிறுத்தி இடைஞ்சல் செய்வதில்லை. இன்ன தேதியில் சிலர் வந்து எங்கள் வழிபாட்டுக்கு இடையூறு செய்தார்கள். பாதுகாப்பும் நடவடிக்கையும் வேண்டுகிறேன்."

இதில் எந்த வரியாவது உங்கள் விஷயத்தில் உண்மையில்லை என்றால், அந்த வரியை எடுத்துவிடுங்கள், அல்லது முதலில் அதைச் சரிபண்ணுங்கள். வண்டி வரி பலருக்கு இடிக்கும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஸ்டேஷன் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வருகிற வியாழக்கிழமை ஜெபம் வழக்கம்போல ஏழு மணிக்கு நடக்கட்டும். பைக்கில் வருகிறவர்களைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வரச் சொல்லுங்கள்.