விடியற்காலையில் மட்டும் கெண்டைகள் சாவது ஏன்?

தீவனத்தை இன்றே நிறுத்திவிட்டு, குளத்து நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை நள்ளிரவிலிருந்து வெயில் நன்கு ஏறும் வரை ஓடவிடுங்கள். வெப்ப அலை தொடங்கியதிலிருந்து விடியற்காலையில் மட்டும் கெண்டைகள் செத்து மிதப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; அதற்குக் காரணம், பெரும்பாலும் நோயன்று, ஆக்சிஜன் பற்றாக்குறையே.

25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கக்கூடிய நன்னீர், 35 டிகிரியில் 7 மில்லிகிராம்கூட வைத்திருக்காது. மீனின் தேவையோ அதே வெப்பத்தில் கூடுகிறது. பகலில் ஆக்சிஜன் தரும் பாசியும் இரவில் அதை உறிஞ்சுவதால் விடியலில் ஆக்சிஜன் மிகக் குறைகிறது; இரவுகளும் வெப்பமாகிவரும் இக்காலத்தில் இச்சிக்கல் இன்னும் கடுமையாகிறது.

உதயத்துக்குச் சற்று முன்பு குளத்தின் அடிநீரில் ஆக்சிஜனை அளந்து பாருங்கள்; லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஐயமே வேண்டாம். கருவி இல்லையெனில், மீன்கள் நீர்மட்டத்தில் வாய்பிளந்து நிற்கின்றனவா, பெரியவை முதலில் சாகின்றனவா என்று கவனியுங்கள்.

ஆக்சிஜன் அளவு சரியாக இருந்தும் இறப்பு தொடர்ந்தால், வெப்பத்தில் நச்சுத்தன்மை கூடும் அம்மோனியாவையும் சோதியுங்கள்.