வ்யூஃபைண்டரிலேயே படத்தைப் பார்க்க: இப்போதே வாங்கலாமா, காத்திருக்கலாமா?

கேள்வி: கல்யாணப் படங்கள் எடுக்கிறேன். கையில் இருப்பது பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆர். வெயிலில் பின்பக்கத் திரை தெரிவதே இல்லை; எடுத்த படத்தைத் துண்டால் மூடிக்கொண்டுதான் பார்க்கிறேன். மிரர்லெஸ் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரே ஒரு குட்டித் திரை; எடுத்த படத்தை அதற்குள்ளேயே பார்க்கலாம் என்பதால் நிக்கான் இஸட் 8 வாங்க நினைத்தேன். கடைக்காரரோ, "இதில் 36.9 லட்சம் புள்ளிதான், சோனியில் 94 லட்சம்" என்கிறார். அடுத்த மாடலில் புள்ளி கூடும் வரை காத்திருக்கலாமா? கண்ணாடி வேறு போட்டிருக்கிறேன்.

பதில்: புள்ளிக் கணக்குக்காகக் காத்திருக்காதீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளி சேர்ந்தால்தான் ஒரு பிக்சல். ஆக, இஸட் 8 வ்யூஃபைண்டரில் இருப்பது 1280 x 960, சுமார் 12 லட்சம் பிக்சல். சோனியின் 94 லட்சம் என்பது 2048 x 1536, சுமார் 31 லட்சம். நீங்கள் எடுக்கும் படமோ 450 லட்சம் பிக்சலுக்கு மேல்! ஃபோகஸ் சரியாக விழுந்ததா என்று பார்க்க இரண்டிலுமே படத்தைப் பெரிதாக்கித்தான் ஆகவேண்டும். பெரிதாக்கிய பிறகு சோனியில் கொஞ்சம் அகலமான பகுதி தெரியும், அவ்வளவுதான். ஒரே அழுத்தில் 100 சதவீதத்துக்கு (படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரியும் அளவு) போகும்படி ஒரு பட்டனை அமைத்துக்கொண்டால், அந்தக் கூடுதல் புள்ளிகளைவிட அதுதான் கைகொடுக்கும்.

அந்த 94 லட்சம் 2020-லேயே சோனி ஏ7எஸ் த்ரீயில் வந்துவிட்டது. 2024 கடைசியில் அறிமுகமான ஏ1 டூவிலும் அதே எண்ணிக்கைதான். முன்னேற்றம் வேறு பக்கம் நடக்கிறது. 2024-இல் வந்த நிக்கான் இஸட் 6 த்ரீயைப் பாருங்கள்: 57.6 லட்சம் புள்ளி, 4000 நிட்ஸ் வரை வெளிச்சம், டிசிஐ-பி3 (சினிமாவுக்கான விரிந்த வண்ண அளவுகோல்) வண்ணப் பரப்பு. இஸட் 8-இல் வெளிச்சம் 3000 நிட்ஸ். விலை குறைந்த தம்பிக்கு அண்ணனைவிட நல்ல வ்யூஃபைண்டர். நெற்றியெல்லாம் வெயில் அடிக்கும்போது படத்தை மதிப்பிட வெளிச்சம்தான் முதலில் வேண்டும். பட்டுப்புடவைச் சிவப்பு சிவப்பாகவே தெரிகிறதா என்பதற்கு வண்ணப் பரப்பு உதவும்.

இனி வரவேண்டியது பெரும்பாலும் மென்பொருளில் இருக்கிறது என்பது என் எண்ணம். நீங்கள் ரா-வில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்தாலும், கேமராக்கள் பொதுவாகக் காட்டும் ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம், உள்ளே இருக்கும் ஜேபெக் படத்துக்கானது. அதனால் 'வெள்ளை வெடித்துவிட்டது' என்று அது பயமுறுத்தும் இடத்தில் ரா கோப்பில் விவரம் மிச்சம் இருக்கும். ரா-வுக்கே ஹிஸ்டோகிராம் காட்டலாம். குரூப் போட்டோவில் யார் கண் மூடியிருக்கிறார் என்று சொல்வதும் அப்படித்தான். நிக்கானின் கூல்பிக்ஸ் எஸ்630 அதை 2009-லேயே செய்துபார்த்தது. பாவம், ஆசிய முகம் ஒன்றில் திறந்திருந்த கண்ணையே மூடியதாகச் சொல்லிப் பேர் கெட்டுப்போனது. இன்று கேமராக்கள் கண்ணைத் தேடிப்பிடித்தே ஃபோகஸ் செய்கின்றன. எடுத்த பிறகும் அதே கண்ணை ஒருமுறை பார்த்துச் சொன்னால் என்ன?

ஒன்று கவனியுங்கள். ஒவ்வொரு படமும் எடுத்தவுடன் தானாக வ்யூஃபைண்டரில் வந்து நின்றால், தாலி கட்டும் நேரத்தில் அடுத்த நொடியை மறைத்துவிடும். இஸட் 8-இல் அதைப் பின்திரைக்கு மட்டும் ஒதுக்கலாம். வேண்டும்போது ப்ளேபேக் பட்டனை அழுத்தி உள்ளே பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி விஷயம்: வ்யூஃபைண்டரை உங்கள் கண் பவருக்கு ஏற்றபடி திருப்பிக்கொள்ளும் டயாப்டர் சக்கரம் பொதுவாக −4 முதல் +3 வரை சரிசெய்யும். கண்ணாடியைக் கழற்றாமலேயே பார்ப்பவர் என்றால் நான்கு மூலையும் தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஏசி அறையில் இல்லை, வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில். மூலை வெட்டினால், வ்யூஃபைண்டர் காட்சியைச் சின்னதாக்கும் வசதி இஸட் 8-இல் இருக்கிறது.

என் தேர்வைக் கேட்டால், கல்யாண வேலைக்கு இஸட் 6 த்ரீயின் 24.5 மெகாபிக்சல் தாராளம். மிச்சப் பணத்தில் எஃப்டிஇஸட் டூ அடாப்டரைச் சேருங்கள், உங்கள் பழைய லென்ஸ்கள் பொருந்தும். ஆனால் உள்ளே மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்கு அதில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. வாங்கப்போகும் முன் பையில் அப்படி எத்தனை இருக்கின்றன என்று எண்ணிவிடுங்கள்.