ஓடையோரப் புல்லுக்கு அரசுப் பணம்: கேள்வி–பதில்

கேள்வி: ஓடையோர நிலத்தில் பயிர் வைக்காமல் விட்டால் சில நாடுகளில் அரசு பணம் தருகிறதாமே, எதற்கு? தொகையை எப்படி முடிவு செய்கிறார்கள்?

பயிர் வைக்காததற்கு மட்டும் பணம் இல்லை. கரையை ஒட்டிச் சில மீட்டர் அகலத்துக்கு உழாமல், உரமும் மருந்தும் போடாமல் அடர்த்தியாகப் புல் வளர்க்க வேண்டும். மழைநீர் அங்கே வேகம் குறைந்து வண்டலை விட்டுவிடும். மண்ணோடு ஒட்டி வரும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பெரும்பாலும் ஓடைக்குப் போகாது. தண்ணீர் சுத்தமாவது ஊருக்கு, விளைச்சல் குறைவது விவசாயிக்கு. அந்த இழப்புக்குத்தான் ஈடு.

அந்தத் துண்டில் கிடைத்திருக்கும் வருமானத்தில் மிச்சமாகும் விதை, உரம், கூலிச் செலவைக் கழித்து, புல் வளர்க்கும் செலவைக் கூட்டுவார்கள். உலக வணிக அமைப்பின் வேளாண் ஒப்பந்தமும் இத்தகைய தொகை கூடுதல் செலவையோ வருமான இழப்பையோ தாண்டக் கூடாது என்கிறது. எல்லோருக்கும் ஒரே சராசரித் தொகை வைத்தால் வளமான நிலம் திட்டத்துக்கு வராது. விளையாத மூலைகள்தான் வந்து சேரும். அமெரிக்கா 1985இல் தொடங்கிய நிலப் பாதுகாப்புத் திட்டத்தின் பொதுச் சேர்க்கையில் (விவசாயிகள் போட்டியிட்டு விண்ணப்பிக்கும் முறை), மண்ணரிப்பு, நீரின் தரம், வனவிலங்கு, விவசாயி கேட்கும் தொகை என எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

கேள்வி: புல் இருந்தும் ஓடை கலங்குகிறதே, ஏன்?

பெரும்பாலும் இரண்டு காரணங்கள். தண்ணீர் பரவி வராமல் ஒரே இடத்தில் வாய்க்காலாகத் திரண்டு புல்லை அறுத்துக்கொண்டு ஓடும். அந்த இடத்தை மட்டும் நிரவி, புல்லை அகலமாக்குங்கள். அல்லது டிராக்டர் திரும்பும் இடமாகவே அந்தப் பட்டை மாறியிருக்கும். மண் இறுகினால் நீர் உள்ளே இறங்காது. உரத்திலிருந்து நீரில் கரைந்துபோகும் நைட்ரேட்டோ நிலத்தடி வடிகுழாய் இருந்தால் புல்லுக்கு அடியிலேயே போய்விடும். அதற்கு வயலில் உர அளவைக் குறைப்பதுதான் வழி.

கேள்வி: செய்த வேலைக்குப் பணமா, கண்ட பலனுக்கா?

பெரும்பாலான நாடுகளில் வேலைக்கு. அயர்லாந்தின் பரன் பகுதியில் மேய்ச்சல் நிலத்தில் செடிகொடிகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து 10க்கு மதிப்பெண் போட்டு, கூடக்கூடப் பணமும் கூட்டினார்கள். நாங்கள் இதையே விரும்புகிறோம். எந்தச் செடி இருக்க வேண்டும் என்பதை விவசாயியே வயலில் பார்த்து அறிகிறார். ஆனால் வறட்சி வருடத்தில் உழைப்பு இருந்தும் மதிப்பெண் குறையலாம். அதனால் ஒரு பகுதி வேலைக்கும் கிடைக்க வேண்டும்.

கேள்வி: ஒப்பந்தம் போடும்முன் எதைக் கவனிக்க வேண்டும்?

காலத்தை. அமெரிக்கத் திட்டத்தில் 10 முதல் 15 வருடம். குத்தகை 5 வருடம்தான் என்றால் நில உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் முதலில். இடையில் உழுதால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட நேரிடும். பட்டையின் அகலத்தைக் கரை விளிம்பிலிருந்து அளப்பதா, நீர் விளிம்பிலிருந்தா என்பதை எழுத்தில் வாங்குங்கள். விதைக்கும் முன்பே தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.