ஒரே பூங்காவில் ஐந்து கோல்ப் திடல்கள்

கேள்வி: நியூயோர்க்கில் மாமா வீட்டுக்குப் போகிறேன். பெத்பேஜ் பூங்காவில் ஐந்து கோல்ப் திடல்கள் இருக்காம், புதிதாக ஆடுபவனுக்கு எது சரி?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: தம்பி, ஐந்தும் பொதுமக்களுக்கானவைதான், ஆனால் பிளாக் என்ற திடல் பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம். 1936இல் திறந்தது, 2002இலும் 2009இலும் யுஎஸ் ஓபன் கோல்ப் போட்டி அங்கே நடந்தது. வண்டி கிடையாது, நடந்தேதான் ஆடவேண்டும், தேர்ந்தவர்களுக்கு மட்டுமே உகந்தது என்று தொடக்கத்திலேயே எச்சரிக்கைப் பலகை. அதன் கிரீன்கள், அதாவது பந்தைப் போடும் குழி உள்ள புல்தரைகள், பெரும்பாலும் தட்டையானவை, பெரிய மணற்குழிகளைத் தாண்டி அங்கே போய்ச் சேர்வதுதான் பாடு. அந்த வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்! ரெட் திடலும் கடினம். நீங்கள் 1958இல் வந்த யெல்லோ திடலில் தொடங்குங்கள், அப்புறம் கிரீன் என்ற திடல்.