உங்கள் மகள் கேட்கும் கேள்விக்கே ஒரு பணி இருக்கிறது

கரூரிலிருந்து எழுதிய தந்தைக்கு,

இரண்டு முறை நீட் எழுதியும் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காததால், வீட்டை அடமானம் வைத்தாவது நிர்வாக ஒதுக்கீட்டில் மகளைச் சேர்க்க வேண்டும் என்று உங்கள் மைத்துனர் வற்புறுத்துவதையும், மகளோ ஸ்டெம் செல் (உடலின் பல வகைச் செல்களாக மாறக்கூடிய செல்) ஆய்வு பற்றிப் படித்துவிட்டு, "கருமுளையை (தொடக்க நிலைக் கருவை) கொடுத்த தம்பதியிடம் யாராவது முறையாகக் கேட்டார்களா?" என்று வாதிடுவதையும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலை நியாயமானதே. ஆனால் அடமானத்துக்கு என்னிடம் ஒப்புதல் எதிர்பார்க்காதீர்கள். நோயாளியைப் பார்ப்பதில் நாட்டமில்லை என்று அவளே சொன்ன பிறகு, உங்கள் ஓய்வுக்காலம் முழுவதும் கட்டவேண்டிய கடனுக்கு உறவினரின் பெருமை ஈடாகாது. அவருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். அந்தப் பாரத்தை மகள்மீது வைக்க வேண்டாம்.

பி.டெக். பயோடெக்னாலஜி, நர்சிங், பார்மசி பற்றி ஊரே சொல்லும், அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத பணி, ஆய்வு நெறிமுறைக் குழுவின், அதாவது மனிதர் தொடர்பான ஆய்வு முறையாக நடக்குமா என்று பார்த்து அனுமதி தரும் குழுவின், அலுவலகப் பணி.

செயற்கைக் கருத்தரிப்பில் எஞ்சிய கருமுளைகளிலிருந்து புதிய ஸ்டெம் செல் வரிசையை (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கிக்கொண்டே போகும் செல் தொகுதியை) உருவாக்க விரும்பும் பல்கலைக்கழகம், 2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிகளின்படி, நிறுவனத்தின் ஸ்டெம் செல் ஆய்வுக் குழு, நெறிமுறைக் குழு ஆகிய இரண்டின் அனுமதியையும் பெற வேண்டும். ஆய்வுக்கென்றே கருமுளையை உருவாக்குவதானால் தேசிய உச்சக் குழுவரை போக வேண்டும். பதினான்கு நாட்களைக் கடந்தோ, முதற்கோடு (உடலமைப்பு உருவாகத் தொடங்குவதைக் காட்டும் கோடு) தோன்றிய பிறகோ மனிதக் கருமுளையை ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது. நெறிமுறைக் குழுவில் 7 முதல் 15 உறுப்பினர்கள் இருப்பர். தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும். சட்டம் அறிந்தவருக்கும் சமூகவியல் அல்லது நெறிமுறை அறிந்தவருக்கும் சாதாரணக் குடிமகனுக்கும் அதில் இடம் உண்டு.

இவர்கள் கூடிப் பேசுவதற்கு முன்னும் பின்னும் நடக்கும் வேலைதான் உங்கள் மகளுக்குரியது. விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது, ஒப்புதல் படிவம் தம்பதிக்குப் புரியும் தமிழில் இருக்கிறதா என்று பார்ப்பது, மனம் மாறினால் பின்வாங்கும் உரிமையும் கருமுளைக்குப் பணம் தரப்படாது என்பதும் அதில் தெளிவாக உள்ளனவா என்று கவனிப்பது, அனுமதி பெற்றதோடு ஆய்வாளர் மறந்துவிடும் ஆண்டு அறிக்கையைக் கேட்டு வாங்குவது ஆகியவை அதில் அடங்கும். (இந்தப் பணியில் இருப்பவர் சிலருக்குக் கடுகடுப்பானவராகத் தோன்றுவார்; அது குறையல்ல.) இக்கண்காணிப்பு ஏட்டளவில் நின்றால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா கண்டது. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ஹுவாங் வூ-சுக் 2004, 2005இல் வெளியிட்ட ஸ்டெம் செல் ஆய்வுக் கட்டுரைகள் புனைந்த தரவுகளால் ஆனவை என்று தெரியவந்து, 2006இல் திரும்பப் பெறப்பட்டன; அவருடைய ஆய்வகத்தின் இளநிலைப் பணியாளர்களிடமிருந்தே கருமுட்டைகள் பெறப்பட்டிருந்ததும் வெளிப்பட்டது. மேலதிகாரி கேட்கும்போது கீழே இருப்பவர் தரும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்பது உங்கள் மகள் கேட்கும் கேள்வியேதான்.

வழி இதுதான். அரசுக் கலைக் கல்லூரியில் விலங்கியல் அல்லது உயிர்வேதியியல் படிக்கட்டும். வாதாடுவதில்தான் ஈடுபாடு என்றால் அரசுச் சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பு. படிக்கும்போதே, சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் ஸ்வயம் இணையக் கல்வித் தளத்தில் நடத்தும் சுகாதார ஆய்வு அடிப்படைப் பாடத்தை முடிக்கலாம். பிறகு மங்களூருவின் யேனெபோயா பல்கலைக்கழகம் நடத்திவரும் உயிர்நெறியியல் முதுநிலைப் பட்டயம் போன்றவற்றைப் பார்க்கலாம். சேரும் ஆண்டில் நடப்பில் உள்ளதா, கட்டணம் எவ்வளவு என்று நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மறைக்காமல் சொல்கிறேன்: இடங்கள் குறைவு, தொடக்கச் சம்பளம் சாதாரணம், முதல் சில ஆண்டுகள் ஒப்பந்தப் பணியாகவே இருக்கலாம். ஆனால் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் குறித்த 2019 விதிகள் வந்தபின், உயிர்மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுக்கள் அரசிடம் பதிவு செய்வது சட்டக் கட்டாயம் ஆகிவிட்டதால், கோப்புகளைத் தெரிந்து கையாளும் ஆளில்லாமல் எந்த மருத்துவக் கல்லூரியும் ஆய்வு நடத்த முடியாது. இந்த வாரமே அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி ஒன்றின் நெறிமுறைக் குழு உறுப்பினர் செயலருக்கு, ஒரு மணி நேரம் சந்திக்க அனுமதி கேட்டு, மகளே ஒரு கடிதம் எழுதட்டும்.